அடேயப்பா! – நாளிதழ் நடையில் ஒரு வியப்புச்சொல்

நாளிதழ்த் தமிழில் மிகுதியாகப் பயிலும் நாட்டுப்புற உணர்ச்சிச் சொற்களுள் ‘அடேயப்பா’ என்பது தலையாயது. ‘அடேங்கப்பா’, ‘அம்மாடியோவ்’, ‘ஆத்தாடி’, ‘அடியாத்தி’, ‘ஐயோ பாவம்’ என்பன அதன் சுற்றத்தார். தங்கத்தின் விலை ஏறினாலும், மீனவர் வலையில் பெருமீன் ஒன்று சிக்கினாலும், நடிகர் ஒருவர் பெறும் சம்பளம் வெளியில் தெரிந்தாலும், தலைப்பின் முன்னால் இவற்றுள் ஒன்று வந்து நின்றுகொள்கிறது. சில வேளைகளில் செய்தியின் உள்ளேயும் புகுந்து விடுகிறது.

இதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர் ஒருபுறம். ‘மக்கள் மொழியில் எழுதுகிறோம்’ என்று மகிழும் இதழாளர் மறுபுறம். முன்னவர் அதனைக் கொச்சை என்பர். பின்னவர் உயிர் என்பர். இரு சாராரும் சொல்லைப் பார்த்தனரேயன்றி அது நிற்கும் இடத்தைப் பார்த்திலர். அச்சொல் யாருடைய வாயிற் பிறப்பது, யாரை நோக்கிச் செல்வது என்று ஆராய்ந்தால், எவ்விடத்தில் அது தகும், எவ்விடத்தில் தகாது என்பது இனிது விளங்கும். நாளிதழே பலருக்குப் பள்ளிக்குப் பின் கிட்டும் ஒரே தமிழ் நூலாக இருத்தலின், இவ்வாராய்ச்சி வீண்வேலை ஆகாது.

சொல்லின் அமைப்பு

‘அடேயப்பா’ இரண்டு விளிகளின் சேர்க்கை. ‘அடே’ என்பது இளையோரையும் உரிமையுள்ளோரையும் அழைப்பது. ‘அப்பா’ என்பது தந்தையை அழைப்பது. ஏகாரத்தின் முன் உயிர் வந்தால் யகரமோ வகரமோ உடம்படுமெய்யாகத் தோன்றும் என்பது நன்னூலார் விதி. ஈண்டு யகரம் தோன்றி இரண்டையும் ஒட்ட வைத்தது. ‘அடேங்கப்பா’ என்பதனை ‘அடே, எங்கப்பா’ என்று பிரித்துக் கொள்ள இடமுண்டு.

இளையவனை அழைக்கும் விளியும் மூத்தவரை அழைக்கும் விளியும் ஒரே மூச்சில் வருவது முறையன்று. தந்தையை ‘அடே’ என்பார் தமிழருள் இல்லை. ஆயினும் வியப்பு மேலிட்டவனுக்கு முறை மறந்து போகிறது. அருகில் நிற்பவனையும் அழைக்கிறான், ஊரில் இருக்கும் தந்தையையும் அழைக்கிறான். இம்மயக்கமே அச்சொல்லுக்கு உயிராய் அமைந்தது.

இத்தகைய சொற்கள் சில உறுப்புகளை முன்பின்னாக மாற்றி அமைவதும் கருதத்தக்கது. ‘ஆத்தாடி’யில் ‘ஆத்தா’ முன்னும் ‘அடி’ பின்னும் நிற்கின்றன. ‘அடியாத்தி’யில் இடம் மாறி நிற்கின்றன. ஆண்பால் விளிகளில் இம்மாற்றம் உணர்ச்சியையே மாற்றி விடுகிறது. ‘அடே’ முன்னும் ‘அப்பா’ பின்னும் வந்தால் வியப்பு. ‘அப்பா’ முன்னும் ‘அடா’ பின்னும் வந்தால் ‘அப்பாடா’. அது களைப்பு நீங்கிய நிறைவு. அரிசி மூட்டையின் பருமனைக் கண்டவன் ‘அடேயப்பா’ என்கிறான். அதனைச் சுமந்து வந்து இறக்கியவன் ‘அப்பாடா’ என்கிறான். ‘அம்மாடியோவ்’ என்பதன் இறுதியில் நிற்கும் ‘ஓவ்’ தொலைவில் இருப்போரைக் கூவியழைக்கும் குரல். வரப்பின் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கேட்க வேண்டிய ஓசை அது.

ஆக, இவை அனைத்தும் விளிகள். விளி என்றால் அழைப்பவர் ஒருவரும் அழைக்கப்படுபவர் ஒருவரும் இருத்தல் வேண்டும். தனியே இருப்பவன் வியந்து கூவினாலும், மனத்தில் ஒருவரை முன்னிறுத்தியே கூவுகிறான். இவ்வுண்மையை மனத்திற் கொள்க. பின்வருவன எல்லாம் இதனை அடியொற்றியே செல்லும்.

இன்னொன்றும் ஈண்டுச் சொல்லற்பாலது. மலாயாத் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சை, சேலம், வடார்க்காடு முதலிய பல மாவட்டங்களிலிருந்து தமிழர் வந்தனர். ஒரே லயத்தில் பல ஊர்ப் பேச்சுகள் ஒலித்தன. ஒரு வீட்டில் ‘ஆத்தாடி’ என்றால் அடுத்த வீட்டில் ‘அம்மாடி’. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பாட்டிக்கு மற்றொன்று. அவற்றோடு மலாய் மொழியின் ‘அலாமாக்’ என்பதும் இளையோர் நாவில் ஏறிக் கலந்தது. நாளிதழ்த் தலைப்போ இவ்வளவு செல்வத்தையும் ஒன்றிரண்டு சொற்களாகச் சுருக்கி விட்டது. தலைப்பில் வரும் ‘அடேங்கப்பா’ எல்லா ஊருக்கும் உரியதுபோலத் தோன்றி எவ்வூருக்கும் உரியதாகாமல் நிற்கிறது. நாட்டுப்புறச் சொல் என்று போற்றப்படுவதில் நாட்டுப்புறம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது வினவத்தக்கதே.

இலக்கணம் தரும் இடம்

இத்தகைய சொற்களை இலக்கணம் புறந்தள்ளியது என்று எண்ணுவது பிழை. தொல்காப்பியர் இடைச்சொற்களை எழுவகையாகப் பகுக்குங்கால், தத்தம் குறிப்பினால் பொருள் உணர்த்துவன என்று ஒரு வகையை வைத்தார். நன்னூலார் எண்வகையாகப் பகுத்து, குறிப்பு என்பதனை அவற்றுள் ஒன்றாக எண்ணினார். அச்சம், விரைவு முதலியவற்றைக் காட்டும் சொற்கள் அதன்பாற்படும்.

இவற்றினும் நுட்பமானது இடையியலில் ஔகாரத்தைப் பற்றித் தொல்காப்பியர் கூறும் கருத்து. ஓரெழுத்தாகிய அது தனித்தும் நீண்டும் வரும்போது, ஒலிக்கும் ஓசையின் குறிப்பால் பொருள் வேறுபடும் என்கிறார் அவர். ஒருவனைச் சிறப்பிக்கவும் அது பயன்படும். ஒன்றனைச் செய்யற்க என்று தடுக்கவும் பயன்படும் என்று உரையாசிரியர் காட்டுவர். எழுத்து ஒன்றே, ஓசை வேறு, பொருளும் வேறு.

‘அடேயப்பா’வுக்கும் இஃது அப்படியே பொருந்தும். ஏகாரத்தை நீட்டிச் சொன்னால் உண்மையான வியப்பு. முதலெழுத்தை அழுத்திச் சட்டென முடித்தால் ஏளனம். தலையை அசைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னால் இரக்கங்கூட ஆகலாம். ஆனால் அச்சுத் தாளில் ஓசை இல்லை. வியப்புக்குறி ஒன்றை இடலாம். அது எவ்வகை ஓசை என்று சொல்லும் ஆற்றல் அக்குறிக்கு இல்லை. ஏடுகளில் எழுதிய காலத்தில் அக்குறியும் இல்லை. ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றோர் அச்சிட்ட உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாகக் கையாண்ட பின்னரே அவை நமக்குப் பழக்கமாயின. குறி இல்லாத காலத்துப் புலவர் ஓசையை எவ்வாறு உணர்த்தினர்? சொல்லைச் சுற்றியுள்ள சொற்களால் உணர்த்தினர்.

கம்பர் இதற்குச் சான்று. அயோத்தியா காண்டத்துக் கங்கைப் படலத்தின் தொடக்கத்தில் இராமன் காட்டு வழியே நடந்து செல்லும் தோற்றத்தைக் கூற வருகிறார். அவன் நிறத்துக்கு நான்கு பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கிறார். எதனையும் துணிந்து கூறாமல் ஐயமாகவே விடுகிறார். நான்கும் போதாமற் போகவே, ‘ஐயோ’ என்ற சொல்லிற் புகலடைகிறார். சாவு வீட்டுச் சொல்லாகிய ‘ஐயோ’ அங்கே அழகின் முன் தோற்றவரின் குரலாகி விடுகிறது. திருப்பாணாழ்வாரும் அமலனாதிபிரானில் அரங்கனது திருமேனி அழகைச் சொல்லும்போது இச்சொல்லை ஆள்கிறார். இவ்விரு பெருமக்களும் நாட்டுச்சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கவில்லை. அன்றியும், அதனை முதலில் வைக்கவுமில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி, இனிச் சொல்ல மொழியில்லை என்ற இடத்தில் வைத்தனர். நாளிதழ்த் தலைப்போ தொடங்கும்போதே ‘அடேங்கப்பா’ என்கிறது. சொல்லத் தொடங்குமுன்பே சொல்லிழந்து போகிறது.

வியப்பின் நான்கு வாயில்கள்

மெய்ப்பாட்டியலில் வியப்பினைத் தொல்காப்பியர் மருட்கை என்று கூறி, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. முன்பு காணாதது புதுமை. அளவிற் பெரியது பெருமை. மிக நுண்ணியது சிறுமை. ஒன்று மற்றொன்றாக மாறுவது ஆக்கம். இந்நான்கையும் கையிற் கொண்டு நாளிதழ்களைப் பார்த்தால் ஒன்று புலனாகும். ‘அடேங்கப்பா’ பெரும்பாலும் பெருமை என்னும் ஒரே வாயிலிற் காவல் நிற்கிறது. பெருந்தொகை, பெருங்கூட்டம், பேருருவம் இவற்றுக்கே அது செலவாகிறது.

ஏனைய மூன்று வாயில்களிலும் வியப்புக்குக் குறைவில்லை. 2019 டிசம்பர் 26ஆம் நாள் கங்கணச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர் ஒரே நாளில் வானத்தில் ஒளிவளையத்தைக் கண்டனர். இது புதுமையின்பாற் பட்டது.

சிறுமைக்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. கியூ தாவரத் தோட்டத்தில் அவற்றுள் சிறு பகுதியே முளைத்தது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடிய அந்த 22 கன்றுகளிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தொழில் தழைத்தது. அதனை வளர்க்கத் தமிழர் இலட்சக்கணக்கிற் கப்பலேறினர். இச்செய்தியைப் படிப்போருக்கு எவரும் ‘அடேயப்பா’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆக்கத்துக்கும் அத்தொழிலே சான்று தரும். விடியலில் மரத்தைச் சீவி, மங்கில் சொட்டிய பால், ஆசிட் கலந்து வைத்தால் உறைந்து கட்டியாகி, உருளையில் அழுத்தப்பட்டுத் தட்டாகிப் புகைக்கூடத்திற் பொன்னிறம் பெறுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட ஆக்கம் இது. பழகிப் போனதால் அவர்கள் வியக்கவில்லை. பழகியதை மீண்டும் வியக்கச் செய்வது நல்ல எழுத்தின் வேலை. ‘அடேங்கப்பா’ என்னும் சொல்லை ஒட்டி வைப்பதால் அவ்வேலை நடவாது.

பெருமை என்னும் வாயிலிற்கூட அச்சொல் கடமையைச் செய்வதில்லை. பத்துமலையில் 2006இல் திறக்கப்பெற்ற முருகன் சிலையை எடுத்துக்கொள்வோம். ‘அடேயப்பா, எவ்வளவு உயரம்!’ என்று எழுதினால் வாசகர் அறிந்தது ஒன்றுமில்லை. ‘சிலையின் உயரம் 42.7 மீட்டர்’ என்றால் ஓர் எண் கிடைத்தது. ‘20 மீட்டர் உயர்ந்த தென்னை ஒன்றன்மேல் மற்றொன்றை நிறுத்தினாலும் முருகன் தலைக்கு எட்டாது’ என்றால் வாசகர் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிறார். மூன்றாவது வாக்கியத்தில் வியப்புச்சொல் இல்லை; வியப்பு உண்டு.

நாளிதழ் நடை வந்த வழி

தமிழ் நாளிதழ் தொடக்கத்தில் இவ்வாறு பேசவில்லை. 1882இல் தோன்றி 1899இல் நாளிதழான சுதேசமித்திரன், வடசொல் மிகுந்த கனத்த நடையில் எழுதியது. 1904இல் அவ்விதழிற் சேர்ந்த பாரதியாரும், 1934இல் தொடங்கிய தினமணியின் முதல் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கமும் அந்நடையை நெகிழ்த்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபோது, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் செய்தி சென்று சேர வேண்டும் என்பது நோக்கமாயிற்று. சிறு வாக்கியம், தெரிந்த சொல், பெரிய எழுத்துத் தலைப்பு ஆகியன வந்தன. கடல் கடந்த தமிழருக்கு 1924இல் கோலாலம்பூரில் தோன்றி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் எளிய தமிழைப் பரப்பின.

இவ்வெளிமை பெரும்பேறு. அதனைக் குறை கூறுவார் மக்கள் படிப்பதைக் குறை கூறுவாராவர். ஆனால் ஆதித்தனார் வற்புறுத்திய கொள்கையை உற்று நோக்குக: மக்கள் பேசும் தமிழை எழுதுக, கொச்சையை நீக்கி எழுதுக என்பது அதன் சாரம். மக்களுக்குத் தெரிந்த சொல்லால் எழுதுவது வேறு. மக்கள் பேசுவதுபோல் நடித்து எழுதுவது வேறு. ‘விலை ஏறிற்று’ என்பது முன்னது. ‘அடேங்கப்பா, விலை எங்கேயோ போய்விட்டது!’ என்பது பின்னது. முன்னது தோட்டத் தொழிலாளியை அறிவுடையவராக மதிக்கிறது. பின்னது அவருடைய குரலைக் கடன் வாங்கி அவரிடமே விற்கிறது.

கேட்போர் உரிமை

ஒருவர் நாளிதழைப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது தோட்டங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. படிப்பவர் செய்தியைப் படிப்பார். ‘அடேயப்பா’ என்பதைக் கேட்பவர் சொல்வார். ஒருவர் வியப்பார், மற்றொருவர் ‘இதென்ன பெரிது’ என்பார், மூன்றாமவர் ‘பொய்யாக இருக்கும்’ என்பார். செய்தி ஒன்று, தீர்ப்பு பல. அவ்வளவும் கேட்போர் உரிமை.

வில்லுப்பாட்டில் இம்முறை நன்கு விளங்கும். நடுவிலிருந்து பாடுபவர் கதையைச் சொல்கிறார். அருகிலிருப்பவர் ‘ஆமா’ போடுகிறார். கதை சொல்பவரே ‘ஆமா’வும் போட்டுக்கொண்டால் அவையோர் நகைப்பர். பாட்டி கதை சொல்லும்போது பேரன் ‘உம்’ கொட்டுகிறான். பாட்டியே ‘உம்’ கொட்டினால் பேரன் உறங்கிவிட்டான் என்பது பொருள்.

செய்தியில் வரும் ‘அடேங்கப்பா’ இத்தகையது. கதை சொல்பவரே ‘ஆமா’ போட்டுக்கொள்கிறார். வாசகர் வியக்கிறாரா, ஐயுறுகிறாரா, சினக்கிறாரா என்று பொறுத்துப் பார்க்க இதழாளருக்குப் பொறுமை இல்லை. அவர் உணர வேண்டியதை முன்கூட்டியே உணர்ந்து அச்சிட்டு விடுகிறார். ஒரு நாளைக்கு இது விளையாட்டு. நாள்தோறும் நடந்தால், எதற்கு எவ்வளவு வியக்க வேண்டும் என்று தாமே அளக்கும் பழக்கம் வாசகரிடம் தேய்ந்து போகும். அரசின் வரவுசெலவுத் திட்டத்துக்கும் ஆட்டுக்கிடாயின் எடைக்கும் ஒரே அளவு வியப்பை வழங்கும் இதழைப் படித்து வளர்பவர், இரண்டனுள் எது தம் வாழ்வைத் தொடுவது என்று எவ்வாறு தெளிவார்? ஈண்டு இழக்கப்படுவது நடையின் அழகு மட்டுமன்று. குடிமகனின் பகுத்துணர்வும் ஆகும்.

நீக்கிப் பார்க்கும் முறை

வியப்புச்சொல் தகுமா, தகாதா என்று அறிய எளிய முறை ஒன்று உண்டு. அச்சொல்லை நீக்கிவிட்டு வாக்கியத்தைப் படித்தல் வேண்டும். அப்போது மூன்று நிலைகளுள் ஒன்று தோன்றும்.

முதல் நிலை: சொல்லை நீக்கிய பின்னும் வியப்பு குறையாமல் நிற்பது. 22 கன்றுகளின் செய்தி அத்தகையது. அங்கே வியப்புச்சொல் மிகை.

இரண்டாம் நிலை: சொல்லை நீக்கினால் செய்தி ஒன்றுமில்லாமற் போவது. ‘அடேங்கப்பா! எகிறியது தங்கம் விலை!’ என்று ஒரு தலைப்பை அமைத்துக் காண்க. முதற்சொல்லை நீக்கினால் ‘எகிறியது தங்கம் விலை’ என்பது எஞ்சும். எவ்வளவு எகிறியது? கிராமுக்கா, பவுனுக்கா? நேற்றைவிடவா, சென்ற ஆண்டைவிடவா? ஒன்றும் தெரியாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘அடேங்கப்பா’ உட்கார்ந்திருந்தது. செய்தியைத் தேடிச் சேர்க்கும் உழைப்புக்கு ஈடாகக் கூச்சல் வைக்கப்பட்டது. நாளிதழ்களில் மிகுதியும் காணப்படுவது இந்நிலையே. கண்டிக்க வேண்டுவதும் இதுவே.

மூன்றாம் நிலை: சொல்லை நீக்கினால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடுவது. ஒரு பத்தி எழுத்தாளர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: ‘பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை இல்லை, திறப்பு விழாவுக்குப் பந்தல் உண்டு. அடேயப்பா, எத்தனை மாலைகள்!’ இதில் அச்சொல்லை நீக்கினால் ‘எத்தனை மாலைகள்’ என்பது வெறும் கணக்காகும். அச்சொல் நின்றால் அது ஏளனம். எழுதுபவர் மாலைகளை வியக்கவில்லை என்பது முன்னுள்ள கூரையாலும் பந்தலாலும் புலப்படுகிறது. மெய்ப்பாட்டியலின்படி கூறினால், மருட்கைக்குரிய சொல் நகைக்கு இடம்பெயர்ந்தது. நகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். அதன்கண் இச்சொல் வந்து நின்றது. இங்கே சொல் உழைக்கிறது. ஆதலின் கூலிக்கு உரியது.

எள்ளலுக்குங்கூட இச்சொல் இன்றியமையாதது என்று கருதிவிடலாகாது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் பளபளப்பாக இருப்பதைப் புகழ்ந்தார். அதியமானுடைய படைக்கலங்களோ கொல்லன் உலைக்களத்திற் கிடப்பதைக் கூறினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. போர் அறியாத படைக்கலமே புதிதாய் மின்னும் என்பதைத் தொண்டைமான் தானே உணர வேண்டியிருந்தது. ஒரு வியப்புச்சொல்லும் இல்லாமல் ஒரு மன்னனை நாணச் செய்ய அவரால் முடிந்தது.

பத்தியும் செய்தியும்

மேற்கூறியவற்றால் பத்தி எழுத்துக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். பத்தி எழுத்தில் ஒருவர் தம் பெயரோடோ புனைபெயரோடோ நின்று பேசுகிறார். ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் இசையையும் நாடகத்தையும் பற்றி எழுதியபோது, வாசகர் எதிரே ஒருவர் அமர்ந்து உரையாடுவதாகவே உணர்ந்தனர். குரல் இருந்தது, குரலுக்கு உடையவர் இருந்தார், அவருடைய விருப்பு வெறுப்புகளும் தெரிந்திருந்தன. அத்தகையவர் வியந்தால் அது அவர் வியப்பு. வாசகர் ஏற்கலாம், மறுக்கலாம். விளிக்கு வேண்டிய இருவரும் அங்கே உளர்.

செய்தியில் பேசுபவர் எவர்? நிருபரா, துணையாசிரியரா, அச்சகமா? செய்தியின் பெருமையே அதில் எவர் குரலும் கேட்காமல் நிகழ்ச்சி தானே பேசுவதாகும். உடையவர் இல்லாத இடத்தில் எழும் ‘அடேயப்பா’ ஆளில்லா வீட்டிலிருந்து வரும் கூவல் போன்றது. செய்தியில் இச்சொல் வருவதற்கு ஒரே இடம் உண்டு: நிகழ்ச்சியிற் பங்கு கொண்ட ஒருவர் அதனைச் சொல்லியிருந்தால், மேற்கோட்குறிக்குள் அவர் பெயரால் வரலாம். அப்போதும் அவருடைய ஊர்ச்சொல் எதுவோ அதனையே இடுதல் வேண்டும். ‘அடியாத்தி’ என்று சொன்ன மூதாட்டியை ‘அடேங்கப்பா’ என்று சொல்ல வைப்பது, பிறர் வாயில் நம் சொல்லைத் திணிப்பதாகும்.

துயரச் செய்தியில்

வியப்புச்சொல்லால் விளையும் கேடு சிறிது. இரங்கற்சொல்லால் விளையும் கேடு பெரிது. இழவு, வறுமை முதலிய நான்கினின்றும் அழுகை பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல். ‘ஐயோ’, ‘அந்தோ’, ‘ஐயோ பாவம்’ என்பன அதற்குரிய சொற்கள். 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் ஒன்று தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். இவ்வாக்கியத்தின் முன்னே ‘அந்தோ’ என்று சேர்த்துப் பார்க்க. துயரம் மிகவில்லை, குறைந்தது. வாசகரின் நெஞ்சில் எழவிருந்த ஓலத்தை முந்திக்கொண்டு வேறொருவர் எழுப்பிவிட்டார். அதனினும் நன்று, கூரை எதனால் வேயப்பட்டிருந்தது, வெளியேற வழி இருந்ததா, பொறுப்பாளர் எவர் என்று அடுத்த வாக்கியத்தில் எழுதுவது. அழுகைக்குப் பின் வாசகர் கேட்கும் வினாக்கள் அவை. ‘ஐயோ பாவம்’ என்று இரங்கி முடித்த செய்தி அவ்வினாக்களுக்கு விடை தேடுவதில்லை; இரங்கியதே போதும் என்று அமைதியடைகிறது.

ஆசிரியர் செய்யத்தக்கது

இனி, தமிழாசிரியர் இதன்கண் செய்யத்தக்கது யாது? இச்சொற்களைச் சிவப்பு மையால் அடித்துக் ‘கொச்சை’ என்று ஓரத்தில் எழுதுவது எளிது. அதனால் பயனில்லை, தீங்கும் உண்டு. வீட்டில் தன் பாட்டி பேசும் சொல் இழிந்தது என்று பிள்ளை எண்ணும். பின்னர் அப்பிள்ளைக்குப் பாட்டியின் மொழியும் இல்லை, பள்ளியின் மொழியும் இல்லை என்றாகும். தமிழல்லாத மொழிகள் நாற்புறமும் சூழ்ந்த இந்நாடுகளில், பிள்ளையின் நாவில் எஞ்சியுள்ள ‘ஆத்தாடி’ ஒன்றும் போற்றற்குரியதே.

செய்யத்தக்கது வேறு. மேல் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வாரத்து நாளிதழ்களிலிருந்து இத்தகைய சொற்கள் வரும் வாக்கியங்களை வெட்டி எடுத்து ஒட்டி வரட்டும். சொல்லை நீக்கிப் படித்து, மேற்கூறிய மூன்று நிலைகளுள் எதன்பாற்படும் என்று பிரிக்கட்டும். இரண்டாம் நிலையில் உள்ளவற்றுக்கு, வியப்புச்சொல் நின்ற இடத்தில் என்ன எண், என்ன பெயர், என்ன ஒப்புமை நின்றிருக்க வேண்டும் என்று தேடி எழுதட்டும். அடுத்து, தத்தம் வீட்டில் மூத்தோர் வியக்கும்போதும் அஞ்சும்போதும் களைப்பாறும்போதும் சொல்லும் சொற்களைக் கேட்டு, யார் சொன்னது, எப்போது, எவ்வோசையில் என்று குறித்து வரட்டும். முதற்பயிற்சியால் செய்தி எழுதுவது எவ்வாறு என்று அறிவர். இரண்டாம் பயிற்சியால் நாளிதழ் சுருக்கிவிட்ட செல்வம் எவ்வளவு பெரிது என்று அறிவர். கதை எழுதும்போது அச்சொற்களை உரியவர் வாயில் உரிய இடத்தில் வைக்கும் திறமும் தானே வரும்.

இதழாளர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாட்டுப்புறத்தாரின் வியப்புச்சொல் அவர்களுக்கே உரியது. செய்தியை முழுமையாகவும் திருத்தமாகவும் தருக. அது வியக்கத்தக்கதாயின், காலையில் இதழை விரிக்கும் வீடு ஒவ்வொன்றிலும் ‘அடேயப்பா’ என்றோ ‘ஆத்தாடி’ என்றோ ‘அம்மாடியோவ்’ என்றோ, அவரவர் ஊர்ச்சொல்லில், அவரவர் குரலில் எழும். அதனை அச்சிட வேண்டிய தேவை இல்லை.